கண் வராத முட்டை

எனக்கு வந்த முதல் வரனைக் கெடுத்தவள் அவள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளைப் புகழ்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெண் பார்க்க வந்தவர்களிடம் எனக்கு இருபத்து மூன்று வயது என்று என் அம்மா சொல்லியிருந்தாள். வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற வழியில் பக்கத்து வாசலில் நின்று, பொண்ணு எப்படி என்று அவளிடம் விசாரித்திருக்கிறார்கள். "நல்ல புள்ளைங்க. வர்ற தையில இருபத்தேழு முடியுது" என்றிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து. போனவர்கள் போனவர்கள்தான்.

அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். அவளோ கொண்டையை முடிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேட்டாங்க, சொன்னேன். கேக்காட்டி நானா போயி சொல்லியிருப்பேனா?" என்றாள். எனக்கு அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அன்று மாலையே உப்பு இல்லை என்று அவளிடம்தான் போய்க் கேட்டேன். லயத்துக் கோபத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பூனாகலை முதல் பெரகல வரை ஆளைத் தெரிந்துகொள்வார்கள். மெலிந்த உடம்பு, பெரிய காது, யாரைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம். பொய் சொல்ல மாட்டாள் என்றால் நல்லவள் என்று அர்த்தமில்லை. உண்மையைப் பாக்குவெட்டியைப் போல வைத்திருந்தாள். மாரியம்மன் திருவிழாவில் ஒருத்தி சாமி வந்து ஆடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, "காலையிலேயே மஞ்சச் சேலைய எடுத்து மடிச்சு வச்சியே, சாமி வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டவள் அவள். அந்தப் பெண் சாகும்வரை அவளோடு பேசவில்லை.

இந்தக் குணத்துக்காகத்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் மலைகளில் செம்பேன் வரும். தேயிலையின் மேற்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற, மண்துகளை விடச் சிறிய பூச்சி. அது உறிஞ்ச உறிஞ்ச இலை பச்சை போய்ச் செம்பு நிறமாகும். பிறகு கொழுந்து வராது. அதை ஆராய்வதற்கு ஒரு ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுவார், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். பழைய சாக்குக் காம்பராவைக் கழுவி, ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கிற நுணுக்குக்காட்டி ஒன்றை வைத்தார். பார்ப்பதற்கு ஒருத்தி, எழுதுவதற்கு ஒருத்தி வேண்டும் என்றார். பத்தாம் வகுப்பு முடித்திருந்ததால் எழுதுகிறவள் நானானேன். பார்க்கிறவளாக முதலில் வந்த பெண், அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அதையே சொன்னாள். மூன்றாம் நாள் அவளை அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"உள்ளே என்ன தெரியுது, சொல்லுங்கோ."

"செவப்பா ஒரு உருண்டைங்க. மேல மயிரு மாதிரி ஒன்னு நிக்குது."

"அதுக்குள்ள?"

"ஒன்னும் தெரியலைங்க."

"வடிவாப் பாருங்கோ. ஏதாவது தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுவேங்க. தெரியல."

ஐயா என் பக்கம் திரும்பி, "எழுதுங்கோ பிள்ளை. முதல் நாள், ஒண்டும் தெரியேல்லை" என்றார். அவருக்குப் பெரிய சந்தோஷம். அன்றிலிருந்து அவளைத் தவிர வேறு யாரையும் அந்தக் கண்ணாடிக்குக் கிட்டே விடவில்லை.

ஒரு முட்டை போடப்பட்ட நேரத்திலிருந்து பொரிக்கிற நேரம்வரை, மணிக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே இருக்கிற சின்னக் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து முட்டைக்குள் ஏற்றுவாள். முதலில் உள்ளே எல்லாம் ஒரே கூழாக இருக்கும். பிறகு கூழ் குறுணியாகும். குறுணி நடுவை விட்டு விளிம்புக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஒரு பக்கமாக வெளுப்பாக ஒரு பட்டை தோன்றி வளைந்து கிடக்கும். "அதான் புள்ள" என்று என்னிடம் சொன்னாள். பூச்சிக்கும் பிள்ளை என்றுதான் சொல்வாள். அந்தப் பட்டையின் ஓரத்தில் மொட்டுப் போல வரிசையாகக் கால்கள் முளைக்கும். முட்டையின் சிவப்பு வெளுத்துக்கொண்டே வரும். கடைசியில், வெளுத்துப்போன அந்த முட்டைக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதுதான் கண். கண் வந்துவிட்டால் மறுநாள் முட்டை நடுவில் வெடித்துக் குஞ்சு வெளியே வரும்.

ஒரு நாள் அவள் கண்ணை எடுக்காமலேயே, "எட்டுக் காலுங்க" என்றாள். ஐயா சிரித்தார். பொரிக்கிற குஞ்சுக்கு ஆறு கால்தான் என்றார். அவள் ஒரு தடவை கூட நிமிரவில்லை. "குஞ்சுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாதுங்க. இப்ப உள்ள இருக்கிறது எட்டு மொட்டு." ஐயா குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். மறுநாள் மத்தியானம் அவள், "ரெண்டு உள்ள போயிருச்சுங்க. இப்ப ஆறு" என்றாள். ஐயா மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இரண்டு கால்கள் முட்டைக்குள்ளேயே வந்து, அடங்கி, குஞ்சு வெளியே வந்து ஒரு தடவை தோலுரித்த பிறகு திரும்பவும் வரும் என்று எங்களுக்கு விளக்கினார்.

"அப்ப அது கால் போனது இல்லைங்க" என்றாள் அக்கா. "மறைச்சு வச்சிருக்கு."

அவர் எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மருந்து அடித்தால் நடமாடுகிற பேன் சாகும், முட்டை சாகாது. அதனால் இரண்டாம் தடவை அடிக்க வேண்டும். முதல் மருந்துக்கு முன்னால் கடைசியாகப் போட்ட முட்டையும் பொரித்திருக்க வேண்டும்; பொரித்த குஞ்சு வளர்ந்து புது முட்டை போட்டிருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் அடித்தால்தான் மலை பிழைக்கும். ஏழு நாள் கழித்து என்று மருந்தோடு வருகிற காகிதத்தில் இருக்கும். குளிர் கூடினால் முட்டை மெதுவாக முற்றும், காகிதத்தை நம்ப வேண்டாம், கண்ணை நம்புங்கள் என்றார். போகும்போது அந்த நுணுக்குக்காட்டியைத் தோட்டத்துக்கே விட்டுவிட்டுப் போனார். இரண்டாம் மருந்துக்கு நாள் குறிப்பது அக்காவின் வேலையாயிற்று. அதைக் கொப்பியில் எழுதுவது என் வேலை.

இனி அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த கண்டக்டர் ஐயா. வெள்ளைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட கால் மேசு, கையில் ஒரு பிரம்பு. பிரம்பால் யாரையும் அடித்ததில்லை. ஆனால் பேசும்போது அதன் நுனியால் எதிரில் நிற்கிறவளின் கூடையைத் தட்டிக்கொண்டே பேசுவார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் புருஷன் மருந்து அடிக்கிற ஆட்களில் ஒருவர். நாங்கள் அண்ணன் என்போம். பேசவே தெரியாத மனிதர். திருவிழாவில் கூட ஒரு சொட்டுத் தொடாதவர். அதற்காகவே ஆண்கள் அவரைக் கேலி செய்வார்கள். ஒரு கச்சான் மாதம் காற்று மலையை அள்ளிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. "காத்துக் கொஞ்சம் அமரட்டும் ஐயா, மருந்தெல்லாம் மூஞ்சியிலதான் அடிக்குது" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பகலுக்குள் முடிக்க வேண்டும் என்று கண்டக்டர் அனுப்பினார். பதினொரு மணிக்கு அண்ணன் வாயில் நுரையோடு தேயிலைக்கு நடுவில் கிடந்தார். லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரகல சந்திக்கு வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். போய்விட்டது என்று அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

கண்டக்டர் ஆபிசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், இறந்தவர் வேலைக்கு வரும்போதே குடிபோதையில் இருந்தார், மருந்தைக் கவனமில்லாமல் கையாண்டார் என்று இருந்தது. மருந்து தப்பில்லை, காற்று தப்பில்லை, அனுப்பியவர் தப்பில்லை. எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா ஆபிசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஐயா, அவரு குடிக்கலைங்க. அந்த வார்த்தைய வெட்டிருங்க."

"எழுதினது எழுதினதுதான். போய் வேலையைப் பாரு."

"எனக்கு வேற ஒன்னும் வேணாங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வெட்டுங்க."

கண்டக்டர் பிரம்பால் மேசையைத் தட்டினார். அவள் வெளியே வந்தாள். அழவில்லை. வாசலில் நின்று, "இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டாள். புதன்கிழமை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அந்த ஆளை ஐயா என்று கூப்பிடவில்லை. எங்கள் தோட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. அவர் ஏதாவது கேட்டால், முன்னால் இருக்கிற தேயிலைச் செடியைப் பார்த்துப் பதில் சொல்வாள். "முடிஞ்சிச்சு." "நாளைக்கு." "தெரியாது." எல்லாப் பெண்களும் கவனித்தார்கள். அவரும் கவனித்தார். அவள் பக்கத்தில் வரும்போது பிரம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார். லயத்தில் "குடிச்சுச் செத்தவன் பொஞ்சாதி" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "குடிக்கல" என்று ஒரே வார்த்தையில் திருத்திவிட்டுப் போய்விடுவாள். தண்ணீர்ப் பீலியில், கோயிலில், குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா வாசலில், எங்கே என்றாலும் திருத்துவாள். இரண்டு வருஷமும் திருத்திக்கொண்டே இருந்தாள்.

பிறகு அந்த ஆகஸ்ட் வந்தது. எங்கள் ஊவாப் பகுதிக் கொழுந்துக்கு நல்ல பருவம். காய்ந்த காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு அந்த வாசம் வரும். ஏழாம் நம்பர் மலையில் செம்பேன் பிடித்தது. தோட்டத்திலேயே நல்ல மலை அது. அதை நம்பித்தான் எங்களுக்கு முழுப் பேர் கிடைக்கும், அதாவது முழு நாள் வேலை. ஒரு வியாழக்கிழமை முதல் மருந்து அடித்தார்கள். இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து இருந்தது. புதிதாக வந்த துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், சிங்களவர், இளைஞர், எங்களைப் பார்த்தால் சிரிப்பார். "அந்தப் பொம்பள சொல்ற நாள்ல அடிங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்களைப் பிரிக்கிற நேரத்தில், எல்லோர் முன்னாலும் கண்டக்டர் அவளிடம் கேட்க வேண்டியதாயிற்று.

"மருந்து எப்ப அடிக்கிறது?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயா, வர்ற திங்கக்கெழம அடிங்கய்யா. கடைசி முட்டைக்கு இன்னும் கண்ணு வரலைங்க. ராத்திரி குளிரு கூடிப்போச்சு, மெதுவாத்தான் முத்துது. திங்கக்கெழம அடிச்சா மலை நல்லா இருக்கும். ஐயாவும் நல்லா இருப்பீங்க."

நூறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கண்டக்டரின் முகத்தை நான் பார்த்தேன். இரண்டு வருஷமாக முகத்தைப் பார்க்காதவள் கும்பிட்டு, ஐயா ஐயா என்று தேன் ஒழுகப் பேசுகிறாள் என்றால், அந்தத் திங்கட்கிழமைக்குள் ஏதோ ஒரு குழி இருக்கிறது என்று அவர் நினைத்தார். நான் அவராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். காகிதத்தில் ஏழு நாள் என்று இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை, சரியாக ஏழாம் நாள், மருந்தை அடிக்கச் சொல்லிவிட்டார்.

அவள் சொன்னது சத்தியமான உண்மை. அன்று காலை நானும் கண்ணாடியில் பார்த்தேன். முட்டைக்குள் கால் மடிந்து கிடந்தது, கண் இல்லை. கொப்பியில் அவள் சொன்னபடி "திங்கள்" என்று எழுதியிருந்தேன். வியாழக்கிழமை ஆட்கள் மருந்து டேங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததும் அவளிடம் ஓடினேன்.

"அக்கா, இன்னொரு தடவ போயி சொல்லுக்கா. பழையபடி மூஞ்சிய அங்கிட்டு வச்சுக்கிட்டுச் சொல்லு, நம்புவாரு."

"ஒரு தடவ சொல்லியாச்சு."

"மலை போயிருமேக்கா."

"நான் சொன்னதுல பொய் இருக்கா? கொப்பிய எடுத்துப் பாரு."

"அந்த ஆம்பளைங்க? வீணா மருந்தை மூக்குல இழுத்துக்கிட்டு வரப்போறாங்களே, அது?"

அதற்கு மட்டும் அவள் முகம் மாறியது. எழுந்து வெளியே போனாள். பாதையில் நின்று ஒவ்வொருவரையும் நிறுத்தி, மூக்கை மூடித் துணி கட்டச் சொன்னாள். துணி இல்லாதவனுக்குத் தன் தலைத்துணியைக் கிழித்துக் கொடுத்தாள். அன்று காற்று அதிகமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் இன்று அவளைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மாலையில் மருந்து அடித்த மலையிலிருந்து நாலு இலை கிள்ளிக்கொண்டு வந்து கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் சாக்குக் காம்பராவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பத்து மணி போல என்னைக் கூப்பிட்டு, "வந்து பாரு" என்றாள். வெளுத்துப்போன முட்டைகளில் இரண்டிரண்டு சிவப்புப் புள்ளி. திங்கட்கிழமை ஒவ்வொன்றாக வெடித்தன. ஆறு காலை வைத்து, தடுமாறி, ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. பிள்ளை பெற்ற வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் போல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்த இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் ஏழாம் நம்பர் மலை செம்பாகிவிட்டது. கீழே ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. எங்கள் வீட்டில் ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ இல்லாமல் போயிற்று. அவள் வீட்டில் ரொட்டியே பல நாள் இல்லை. பெண்கள் கண்டக்டரைச் சபித்தார்கள். "அவ திங்கக்கெழமன்னுதானே சொன்னா, இந்த ஆளுக்கு என்ன கொழுப்பு" என்றார்கள். அந்தக் கும்பிடுதான் மலையைக் கொன்றது என்று எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கோபம் இருந்தது, பசியும் இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை.

கொழும்புக் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் வந்து விசாரிக்கப் போகிறார் என்று சொன்னார்கள். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்டக்டர் எங்கள் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் கால் அக்காவின் வாசலை மிதித்ததில்லை. எங்கள் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு என்பார்கள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"புள்ள, எனக்கு ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கு. இந்த நேரத்துல வெளிய தள்ளிட்டா நான் எங்க போவேன்?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"பெரட்டுல நீ திங்கக்கெழமன்னு சொன்ன. சரி. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் வந்து, முட்டை பொரிச்சிருச்சு, நாளைக்கே அடிங்கன்னு மாத்திச் சொன்னேன்னு சொல்லு. பூச்சி விஷயம், கண்ணு தப்பிருச்சுன்னு விட்டுருவாங்க. உனக்கு ஒன்னும் ஆகாது. நான் பாத்துக்கிறேன்."

"சொல்றேன்" என்றாள் அக்கா.

நான் சுவரில் காதை வைத்தேன்.

"சொல்றேன். நாளைக்குக் காலையில பெரட்டுல, அத்தனை பேருக்கு முன்னாலயும், என் புருஷன் குடிக்கலன்னு நீங்க சொல்லணும். அறிக்கையில அந்த வார்த்தைய வெட்டி, பக்கத்துல கையெழுத்துப் போடணும். அது நடந்தா, மத்தியானம் நீங்க சொன்ன மாதிரியே நான் சொல்றேன்."

பிரம்பு சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர், "சத்தியமா சொல்லுவியா?" என்றார்.

"மாரியம்மா மேல சத்தியம்."

உள்ளங்கையில் உள்ளங்கை விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பனி இன்னும் விலகவில்லை. பெரட்டுக் களத்தில் கண்டக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அக்காவின் புருஷனுடைய பெயரைச் சொன்னார். அவன் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, நான் எழுதியது பிழை என்றார். சத்தம் போதவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர், "கேக்கலைங்க ஐயா" என்றார். உண்மையிலேயே கேட்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்டக்டர் இன்னொரு தடவை உரத்துச் சொன்னார். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். பிறகு ஆபிசில் அறிக்கையை எடுத்து, அந்த வரியை வெட்டிக் கையெழுத்துப் போட்டார். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று, மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் விசாரணை. மேசைக்குப் பின்னால் துரையும் கொழும்புப் பெரியவரும். கொப்பியோடு நான் ஒரு பக்கம், தொப்பியோடு கண்டக்டர் மறுபக்கம். காலையில் வெட்டிய அந்த அறிக்கையையும் யாரோ கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். கண்டக்டர் முதலில் பேசினார். அவள் சாயங்காலம் வந்து நாளை மாற்றிச் சொன்னாள், அதனால்தான் அடித்தேன் என்றார். பேசி முடித்து, நிம்மதியாக அவள் பக்கம் திரும்பினார். துரை அவளிடம் கேட்டார்.

"நீ எந்த நாள் சொன்னது?"

"திங்கக்கெழம தொரை."

"பிறகு வந்து மாத்தினதா?"

"இல்லைங்க தொரை. நான் எங்கயும் போகல, எதையும் மாத்தல. திங்கக்கெழமன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். முட்டையும் அன்னைக்குத்தான் பொரிச்சுச்சு. கொப்பியில இருக்கு."

கண்டக்டர் வாயைத் திறந்தார். நீ சத்தியம் பண்ணினாயே என்று சொல்லத்தான் திறந்தார், எனக்குத் தெரியும். என்ன சத்தியம் என்று துரை கேட்டால்? எனக்காகப் பொய் சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணினாள் என்றா சொல்வார்? திறந்த வாய் அப்படியே நின்றது. துரை மேசையிலிருந்த அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, அன்று காலை போட்ட கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு வருஷம் இது சரி. இன்னைக்கு மட்டும் ஏன் வெட்டினது?"

கண்டக்டர் அக்காவைப் பார்த்தார். அந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தேயிலைச் செடியைப் பார்க்காமல், சுவரைப் பார்க்காமல், அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "மாரியம்மா மேல சத்தியம் பண்ணிட்டியேக்கா?" என்றேன். சுவருக்கு அப்பால் இருந்து கேட்டாயா என்று அவள் கேட்கவில்லை.

"ஆமா. பொய்ச் சத்தியம்தான்" என்றாள். "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அந்த ஆளு மொதல்ல தொரைக்குச் சொல்லட்டும்."

அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். லொறியில் அவர் பெண்சாதி தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; அழுதுகொண்டிருந்தாள். அக்காவும் நானும் ரோட்டோரத்தில் நின்று, வளைவில் திரும்பும் வரை பார்த்தோம். எனக்குப் பாவமாக இருக்கும் என்று நினைத்து நின்றேன். இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.